ஆமென் சொல்ல ஒரு ஆள்

ஸ்தோத்திரம் பண்ணுனதுக்காக ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போவாரா? நீயே சொல்லும்மா. அடிச்சேனா, பிடிச்சேனா, சோறு போடாம இருந்தேனா? ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அம்புட்டுத்தான். அதுக்குப் பையைத் தூக்கிக்கிட்டு அவுக அக்கா வீட்டுக்கு, தென்காசிக்குப் போயிட்டாவ எங்க வீட்டு சார். ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்குத மனுஷன். கோவிச்சுக்கிட்டுப் போற வயசா அது?

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, வெயில் எம்மேலதான் அடிக்குது. எந்தப் பஸ்ல எந்தப் பக்கம் உக்காந்தாலும் வெயில் என்னைத் தேடித்தான் வரும். இந்த ஜன்னல் கண்ணாடியும் நகர மாட்டேங்குது. பாட்டு வேற, காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி. இல்ல, நான் குறை சொல்லல. குறை சொல்லுறதை நான் விட்டாச்சு. அந்தக் கதையத்தான் உங்கிட்டச் சொல்ல வாறேன். நீயும் தென்காசிதான? அப்ப நேரம் இருக்கு.

நீ பொட்டு வச்சிருக்க, உனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க பக்கம் கார்த்திகை பிறந்தா மாலை போட்டு விரதம் இருப்பாங்கள்லா, அந்த மாதிரி எங்களுக்கு ஈஸ்டருக்கு முன்னால லெந்து காலம்னு ஒண்ணு வரும். ஆளாளுக்கு எதையாவது விட்டுருவோம். முக்காவாசிப் பேரு கறி மீனை விடுவாங்க. எங்க வீட்டு சார் காப்பிய விடுவாவ. நான் வருஷா வருஷம் பாவக்காயை விட்டுருவேன். என்ன சிரிக்க? பாவக்காயும் ஆண்டவர் படைச்சதுதான?

இந்த வருஷம் எங்க சபைக்குப் புதுசா ஒரு ஐயர் வந்திருக்காரு. திருச்செந்தூர்ப் பக்கம் நாங்க பாதிரியாரை ஐயர்னுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு. பிரசங்கமும் சின்னதுதான், அது ஒண்ணு நல்லது. லெந்து தொடங்குத அன்னைக்கு அவரு சொல்லுதாரு, இந்தத் தடவை யாரும் கறியை விட வேண்டாம், அதை ஈஸ்டர் அன்னைக்குச் சேத்து வச்சுத் தின்னுருதீங்க, அதனால முறுமுறுப்பை விடுங்கன்னு. அந்தக் காலத்துல இஸ்ரவேல் ஜனங்க வனாந்தரத்துல போகும்போது வானத்துல இருந்து மன்னான்னு ஒரு சாப்பாடு இறங்குச்சாம். அதைத் தின்னுக்கிட்டே சாப்பாடு சரியில்லைன்னு முறுமுறுத்தாங்களாம். ஆண்டவருக்குக் கோவம் வந்துட்டுன்னு பிரசங்கம். எனக்கு அந்த ஜனங்க மேல எப்பவும் ஒரு இரக்கம் உண்டும்மா. காலையிலயும் அது, மத்தியானமும் அது, ராத்திரியும் அது. தொட்டுக்க ஒரு துவையல் கூடக் கிடையாது. தின்னு பாத்தவங்களுக்குத்தான தெரியும்.

அவரு முறுமுறுப்புன்னு சொன்னாரோ இல்லையோ, பொம்பளைங்க பக்கம் இருந்த அத்தனை தலையும் திரும்புச்சு. பாட்டுக்காரங்க பெஞ்சுல இருந்து கூட ரெண்டு பேரு எட்டிப் பாத்தாங்க. எனக்கு முன்னால பொற்கனின்னு ஒருத்தி இருந்தா, அவளைத்தான் பாக்காங்கன்னு நெனச்சேன். பொற்கனியும் திரும்பி என்னைப் பாக்கா.

எனக்கு ரோசம் வந்துட்டு. சரி, விட்டுக் காட்டுதேன்னு முடிவு பண்ணுனேன்.

ஏம்மா, நீ எப்பவாவது வாயைக் கட்டிப் பாத்திருக்கியா? மொத வாரம் எனக்குத் தலைவலி. ரெண்டாவது வாரம் வயித்துப் பொருமல். சொல்லாத வார்த்தையெல்லாம் எங்க போவும், வயித்துக்குள்ளதான் போவும். எங்க வீட்டு சாருக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். வீட்டுக்குள்ள சீட்டியடிச்சுக்கிட்டுத் திரியுதாவ. ஈரத் துண்டை நாற்காலியில போட்டுட்டு என் முகத்தைப் பாக்காவ. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கேன். கண்ணு வெளுத்துப் போன மீனை வாங்கிட்டு வந்து, எப்படி எப்சிபா மீனுன்னு கேக்காவ. நான் வாயைத் தொறக்கல. அந்த மீனை நான் எப்படி அலசுனேன்னு எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

அவுக பள்ளிக்கூடத்துல சயின்ஸ் வாத்தியாரா இருந்தவுக. அதனால வீட்ல எதையும் நல்லா இருக்க விட மாட்டாவ, பிரிச்சுப் பாக்கணும். அந்த அமைதியான நேரத்துல என் மிக்ஸியைப் பிரிச்சிட்டாவ. சத்தம் ஜாஸ்தியா இருக்காம். பிரிச்சு மாட்டுனதுக்கு அப்புறம் சத்தமே இல்லை, ஏன்னா அது ஓடவே இல்லை. மிச்சமா கிடந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வெளியே போயிட்டாவ.

இதுக்கு மேல தாங்காதுன்னு நேரா ஐயரம்மாட்டப் போனேன். ஐயரோட வீட்டுக்காரி, நல்ல பிள்ளை, டவுன்ல வளந்தது. உளுந்தவடைக்கு உப்புப் போடத் தெரியாது, அது இருக்கட்டும். அது எங்கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. அம்மா, முறுமுறுப்பை அடக்கி வச்சா ஒரு நாள் வெடிச்சிரும், அடக்காதீங்க, அதை ஸ்தோத்திரமா மாத்திருங்க. நாக்கு நுனிக்கு ஒரு குறை வந்துச்சுன்னா, அந்த விஷயத்துக்காகவே ஆண்டவருக்கு நன்றி சொல்லிருங்கன்னு. எனக்கு அப்படியே கண்ணு தொறந்த மாதிரி ஆகிப்போச்சு.

எங்க வீட்ல தினமும் பொழுது சாஞ்சதும் குடும்ப ஜெபம் உண்டு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து. பிள்ளைக ரெண்டும் வெளியூருக்குப் போனப்புறம் நாங்க ரெண்டே பேருதான். நான் ஜெபம் பண்ணுவேன், அவுக கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் ஆமென் சொல்லுவாவ. ஆமென்னா, அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். அன்னைக்கு நான் முழங்கால் போட்டு ஆரம்பிச்சேன். ஆண்டவரே, அம்மியில அரைக்க என் கையில இன்னும் பெலன் வச்சிருக்கீரே, ஸ்தோத்திரம். ஓடிக்கிட்டிருந்த மிக்ஸியை ஓடாம ஆக்குத அளவுக்கு என் புருஷனுக்கு ஞானம் குடுத்தீரே, ஸ்தோத்திரம். அந்த மீனைத் தின்னும் எங்களை உயிரோட வச்சிருக்கீரே, கோடி ஸ்தோத்திரம்.

எதிர்ப்பக்கம் இருந்து ஒரு சத்தத்தையும் காணோம். ஒரு கண்ணை லேசாத் தொறந்து பாத்தேன். அவுகளும் ஒரு கண்ணைத் தொறந்து என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்காவ. அப்புறம் மெதுவா ஆமென் சொன்னாவ. ஜெபத்துக்கு ஆமென் சொல்லாம இருக்க முடியுமா?

அன்னைக்கு நான் தூங்கின தூக்கம் இருக்கே, பச்சப்பிள்ளை தூங்குமே, அப்படி. வயித்துப் பொருமல் போன இடம் தெரியல. ஆண்டவர் ஆண்டவர்தாம்மா.

வெள்ளிக்கிழமை எங்க பெண்கள் ஜெபக்கூட்டம். அங்கயும் எனக்குக் கிடைச்ச ஆசீர்வாதத்தை மறைக்காமச் சொன்னேன். ஜெபத்துல, போன வாரம் பொற்கனி வீட்ல பாயசத்தைத் தண்ணி மாதிரி ஊத்துனாளே, அதைக் குடிச்சு எங்க சர்க்கரை ஏறாமக் காத்ததுக்காக ஸ்தோத்திரம்னு சொன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னாங்க, பொற்கனி உட்பட. அவ லேசுப்பட்டவளா? அடுத்து அவ முழங்கால் போட்டா. பாட்டு நோட்டு எப்சிபா அக்காகிட்ட இல்லாத நாள்ல நாங்க சுருதி தப்பாமப் பாடுறதுக்காக ஸ்தோத்திரம்ங்கா. அப்புறம் கேக்கவா வேணும்? அடுத்த வாரம் கூட்டத்துல உக்கார இடமில்லை. என்னென்னத்துக்காக நமக்கு நன்றி சொல்லுதாங்களோன்னு பயந்தே எல்லாரும் வந்துட்டாங்க. ஐயருக்கு ஒரே சந்தோஷம். சபையில எழுப்புதல் வந்துட்டு, பக்தி பெருகிட்டுன்னு பிரசங்கத்துல சொன்னாரு. யாரு கொண்டு வந்ததுன்னு பேரைச் சொல்லல. அவரு அப்படித்தான், சின்ன வயசுல்லா.

வீட்ல என்ன ஆச்சுன்னு கேளு. ஒரு நாள் அவுக சொன்னாவ, எப்சிபா, இன்னைக்கு நான் ஜெபிக்கேன்னு. இத்தனை வருஷத்துல வாயைத் தொறந்து ஜெபிக்காத மனுஷன். எனக்கு ஆச்சரியம். ஆண்டவரே, பொறுமைன்னா என்னன்னு எனக்குப் படிச்சுக் குடுக்க வீட்டுக்குள்ளயே ஒரு பள்ளிக்கூடம் வச்சுத் தந்தீரே, ஸ்தோத்திரம்னாவ. அடுத்து, காது கேக்குற சக்தி வயசானாக் குறையும்னு வச்சிருக்கீரே, உம்ம ஞானத்துக்கு ஸ்தோத்திரம்னாவ.

நான் விடுவேனா? ஆமென்னு சொல்லாம நேரா நானும் ஆரம்பிச்சேன். அவுக ஒண்ணு, நான் ஒண்ணு. ரெண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு மாத்தி மாத்தி ஸ்தோத்திரம். அடுப்புல இருந்த சோறு தீஞ்சு வாசம் வந்ததும்தான் நிப்பாட்டுனோம். சட்டியைச் சுரண்டும்போது அவுக சிரிச்சிட்டாவ. நானும் சிரிச்சேன். உள்ளதைச் சொல்லணும்னா, ரொம்ப நாளுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அம்புட்டு நேரம் பேசிக்கிட்டது அன்னைக்குத்தான். கண்ணை மூடிக்கிட்டுப் பேசுனோம், அதனால என்ன.

அதோட நிப்பாட்டியிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல தென்காசிக்குப் போறேன்.

இது ஆலங்குளமா? இன்னும் ஆலங்குளந்தானா. மாட்டுவண்டியே முந்திட்டுப் போயிரும் போல. இல்ல, டிரைவர் பாவம், அவரு என்ன பண்ணுவாரு.

போன ஞாயித்துக்கிழமை குருத்தோலை ஞாயிறு. ஓலையைப் பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தப்புறம், சாயந்தரம் எங்க வீட்ல ஜெபக்கூட்டம். எங்க முறை. ஐயர், ஐயரம்மா, பொற்கனி, அவ புருஷன், சபையில உள்ள பெரிய ஆளுக எல்லாரும் வந்தாங்க. எங்க வீட்டு சார்கிட்டப் படிச்ச பிள்ளைக, இப்பப் பெரிய பெரிய வேலையில இருக்காங்க, அவங்களும் வந்திருந்தாங்க. எல்லாருக்கும் பாய் விரிச்சது, விளக்கைச் சரி பண்ணுனது எல்லாம் அவுகதான். என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னாங்க. என் ஜெபத்துக்குத்தான் இப்ப மவுசு.

நல்லாத்தான் ஆரம்பிச்சேன். கரண்டு போகாததுக்கு ஒண்ணு, பொற்கனி நேரத்துக்கு வந்த அதிசயத்துக்கு ஒண்ணு. ஆமென் ஆமென்னு வீடே அதிருது. எனக்கு வேகம் வந்துட்டு. அப்பத்தான் அது வாயில வந்துச்சு. ஆண்டவரே, கூட வேலை பாத்தவன், பின்னால வந்தவன் எல்லாம் ஹெட்மாஸ்டர் நாற்காலியில உக்காந்து எந்திரிச்சுப் போனப்புறமும், கேக்க வாய் இல்லாம, என் புருஷனைக் கடைசி வரைக்கும் உடைஞ்சு போன சாக்பீஸோடயே ரிட்டயர் ஆக வச்சீரே, அந்தக் கிருபைக்காக ஸ்தோத்திரம்.

ஆமென்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. பழக்க தோஷம். அன்னைக்கு விழுந்ததுலயே பெரிய ஆமென் அதுதான். சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு முழிக்காங்க. அவுககிட்டப் படிச்ச ஒரு பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கடைசியா, எல்லாருக்கும் அப்புறம், தனியா ஒரு ஆமென் கேட்டுச்சு. அவுக சத்தம்.

எல்லாருக்கும் அவுகளே டீ குடுத்தாவ. பாயைச் சுருட்டி வச்சாவ. மறுநாள் காலையில மிக்ஸியை எடுத்து உக்காந்து, அன்னைக்குச் சட்டைப் பையில போட்ட ஸ்க்ரூவைத் தேடி எடுத்து மாட்டி, ஓட வச்சுப் பாத்தாவ. ஓடுச்சு. அப்புறம் பையை எடுத்துக்கிட்டு, அக்காவைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. சண்டையும் இல்ல, சத்தமும் இல்ல.

நான் என்னம்மா தப்பாச் சொன்னேன்? உள்ளதைத்தான சொன்னேன்? அந்த நாற்காலி அவுகளுக்கு வர வேண்டியது. பள்ளிக்கூடத்தை நடத்துத தாளாளர் அதைத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்தப்ப, அவுக வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. புத்தக அலமாரி ஒண்ணு செஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ. அவுகளுக்கும் சேத்து நான்தான் பேசுனேன். அன்னைக்கு ஆரம்பிச்ச வாய்ம்மா இது. அந்த மனுஷனுக்கு நடந்த அநியாயத்தை யாராவது ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும்லா? அதை நான் அவுகளைப் பாத்தே சொல்லிக்கிட்டு இருந்திட்டேனோ என்னவோ. அது தெரியல எனக்கு.

போன் பண்ணுனா அவுக அக்கா எடுக்கா. தம்பி தூங்குதான்ங்கா. பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? அவ வீட்ல எண்ணெய்ல குளிப்பாட்டித்தான் எல்லாம் தட்டுக்கு வரும், அதைத் தின்னா தூக்கம் வரத்தான் செய்யும். அவுக எடுத்தாலும், நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிருதாவ. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குத் தனியாப் போனேன். வழி நெடுக, சார் எங்க, சார் எங்கன்னு கேக்காங்க. பொற்கனி கேக்கவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு.

வீட்ல நாற்காலி காஞ்சு கிடக்கு, துண்டு இல்லை. நல்ல மீனா நானே பாத்து வாங்குதேன், தின்ன மனசு வரல. சாயந்தரம் தனியா முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு நிப்பாட்டுனா, ஒண்ணும் கேக்கல. நானே ஆமென்னு சொன்னேன். என் சத்தம் எனக்கே பிடிக்கலம்மா. ரெண்டு நாள் ஜெபத்தையே விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது, உங்கிட்டத்தான் சொல்லுதேன். அவுக இல்லாம எனக்கு முடியல. இதை அவுககிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியணுமா?

நாளைக்கு விடிஞ்சா ஈஸ்டர். இருட்டோட ஆராதனை. அவுக இல்லாம நான் அந்தக் கோயில் வாசப்படி ஏற மாட்டேன். அதான் கையோட கூட்டிட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். அவுககிட்டயும் சொல்லல, நாத்தனாகிட்டயும் சொல்லல. சொன்னா அவ தெருவுக்கே சொல்லிருவா. அங்க போனதும் ஒரு ஜெபம் பண்ணணும். அவுக முன்னால, சுத்தமா, நன்றி மட்டும். யோசிச்சு வச்சிருக்கேன். நீ கேட்டுச் சொல்லேன்.

ஆண்டவரே, என் புருஷனை இந்த வீட்ல பத்திரமா வச்சிருந்ததுக்காக ஸ்தோத்திரம், இந்த எண்ணெய்ச் சாப்பாட்டுலயும் நெஞ்சு அடைக்காம... இல்ல, இது வேண்டாம்.

ஆண்டவரே, மிக்ஸி நல்லா ஓடுறதுக்காக ஸ்தோத்திரம். மொதல்லயே அதைத் தொடாம இருந்திருந்தா... பாத்தியா? சொல்லச் சொல்ல ஒரு வாலு வந்து ஒட்டிக்கிடுது. நீ சிரிக்காத. நீ ஒண்ணு சொல்லிக் குடு பாப்போம். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா? அப்ப உனக்கு எப்படித் தெரியும்.

சரி, இது எப்படி இருக்குன்னு பாரு. ஆண்டவரே, இந்த மனுஷனை எனக்குக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம். அம்புட்டுத்தான். இதோட வாயை மூடிறணும். மூடிறலாம்லா?

இரும்மா, போன் அடிக்குது. இந்தப் பைக்குள்ள போட்டா எடுக்கவே வராது. ஆ, அவுகதான்.

ஹலோ. ஆமா, நான்தான். எங்கயா? நான் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். பாவூர்சத்திரம் வரப் போவுது. தென்காசிக்குத்தான், வேற எங்க. நீங்க எங்க இருக்கீங்க? எந்த வாசல்ல? நம்ம வாசல்லயா?

ஏம்மா, கேட்டியா கூத்தை? மொதப் பஸ்ஸைப் பிடிச்சு எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்காவ. ஈஸ்டருக்கு வந்துட்டாவளாம். நான் வீட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கிட்டு இங்க வாறேன். எதுக்க வந்த பஸ்லதான் போயிருப்பாவ, நான் பாக்கலியே. ஒரு போன் போடத் தெரியாதா இந்த மனுஷனுக்கு, நான் இந்த வேகாத வெயில்ல...

இருக்கேங்க, லைன்லதான் இருக்கேன். பக்கத்துல ஒரு பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். ஏங்க, கேளுங்க. அந்த ஹெட்மாஸ்டர் விஷயம். அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது நான் அப்படி... என்னது? பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையா? சரி. கேக்கலைன்னா விடுங்க.

கேக்கலையாம்மா. நான் பேசுனது அம்புட்டும் கேட்டுருக்கும், இது மட்டும் கேக்கலையாம்.

சொல்லுங்க, கேக்கேன். என்ன, இப்பவா? பஸ்ல வச்சா? சரி, பண்ணுங்க.

ஜெபம் பண்ணுதாவம்மா, போன்லயே. மெதுவாத்தான் கேக்குது. பூட்டுன கதவுக்காக ஸ்தோத்திரங்காவ. சொல்லாமக் கொள்ளாம என்னைத் தேடிப் புறப்பட்டவளுக்காக ஸ்தோத்திரங்காவ. பக்கத்து சீட்டுக்காரிகிட்ட என் மானத்தை இந்நேரம் பாதி வித்திருப்பாளே, மிச்சத்தை நீரே காப்பாத்தும், அதுக்காகவும் ஸ்தோத்திரங்காவ.

நிப்பாட்டிட்டாவ. காத்துக்கிட்டு இருக்காவ. எதுக்குன்னு தெரியுதா உனக்கு? நான் சொல்லணும். அவுக எனக்குச் சொன்னதை, இப்ப நான் சொல்லணும்.

ஆமென்.

சத்தமாச் சொல்லிட்டேனோ? எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. பாக்கட்டும். அந்த ஒரு வார்த்தை வாயை விட்டு வெளியே வர என்ன பாடு படுதும்மா. இதையா அந்த மனுஷன் ஒவ்வொரு நாளும், நான் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாவ? நீ கொஞ்சம் காலை எடும்மா, நான் பாவூர்சத்திரத்துலயே இறங்கணும். கண்டக்டர் தம்பி, இங்க ஒரு ஆள் இறங்கணும்ப்பா.